எக்ஸ்ட்ரா டைமும் இரண்டாம் ஷிப்ட் பஸ்ஸும்

ஓசூரில் எங்கள் மைதானத்தில் நடக்கும் கால்பந்துக் கோப்பை ஒவ்வொரு வருஷமும் அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகத்துக்குப் போய்விடும். பெங்களூர்க்காரர்கள் வேனில் வந்து இறங்குவார்கள், ஜெயிப்பார்கள், கோப்பையை வேனின் முன்கண்ணாடிக்குப் பின்னால் நிறுத்திவைத்துக்கொண்டு கிளம்புவார்கள். அந்த வருஷம்தான் முதன்முறையாக இறுதிப் போட்டிக்கு வந்த இரண்டு அணிகளுமே ஓசூர். ஒன்று எங்கள் மார்க்கெட் அணி. இன்னொன்று கம்பெனிக் குடியிருப்புகளின் அணி. எங்களுக்கும் அவர்களுக்கும் ஏற்கெனவே ஆகாது. நாங்கள் அவர்களை ‘வந்தவங்க’ என்போம். அவர்கள் எங்களைத் ‘தக்காளிக் கடை’ என்பார்கள்.

யார் ஜெயித்தாலும் கோப்பை ஊரைவிட்டுப் போகாது என்பதால் ஊரே மைதானத்தில் இருந்தது. நான் பெஞ்சில் இருந்தேன்.

இருந்தேன் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். உட்கார்வேன், எழுவேன், கோட்டோரமாக ஓடிவிட்டு வருவேன். எங்கள் அணியின் இரண்டாவது கீப்பர் நான். போட்டிகள் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிஷம்கூட ஆடவில்லை. இன்ஜினியரிங் முடித்துச் சும்மா இருந்தவனுக்கு அப்போதுதான் புனேயில் வேலை கிடைத்திருந்தது. அடுத்த வாரம் போய்ச் சேர வேண்டும். அன்று இறங்காவிட்டால் இந்த மைதானத்தில் நான் இறங்கப்போவதே இல்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே கையுறையை மாட்டிக்கொண்டேன். உள்ளங்கை வியர்வையில் ஊறிச் சுருங்கிவிட்டது, கழற்ற மனம் வரவில்லை.

எங்கள் முதல் கீப்பர் கெலமங்கலத்துக்காரர், ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தார். அந்த மாதம் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அவருக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் மேட்ச், மதியம் வேலை என்று யோசித்து, யூனிபார்மும் டிபன் பாக்ஸும் இருந்த பையைக் கோல் கம்பத்துக்குப் பின்னால் மாட்டியிருந்தார். ஆனால் சிறப்பு விருந்தினர் வந்து சேரவே வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. வந்த பிறகு மாலை, சால்வை, மைக். விசில் ஊதும்போதே என் தலைக்குள் கணக்கு ஓடிவிட்டது. ஆட்டம் சரியாக முடிந்தால் அவர் கம்பெனி பஸ்ஸைப் பிடித்துவிடுவார். சமநிலையில் நின்றால், எக்ஸ்ட்ரா டைமுக்கு நான்.

இரண்டாம் பாதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம். எல்லோரும் குதித்தார்கள். நானும் குதித்தேன், கொஞ்சம் தாமதமாக. எங்கள் மேனேஜர், டயர் கடை வைத்திருக்கும் பாய், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“ஒக்காருடா. பெஞ்சு ஆடுது.”

உட்கார்ந்தேன். பெஞ்சு ஆடுவது நிற்கவில்லை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கம்பெனி அணியின் பத்தாம் நம்பர் எங்கள் கீப்பரின் கால்களுக்கு நடுவே பந்தைத் தள்ளிவிட்டான். ஒன்றுக்கு ஒன்று. நான் எழுந்து நின்றிருந்தேன்.

“எந்திரிச்சியே, அழறதுக்கா சிரிக்கறதுக்கா?”

“நின்னாத்தான் பாய் நல்லாத் தெரியுது.”

“என்னா தெரியுது, பஸ்ஸா?”

அந்தக் கணக்கு அவருக்கும் தெரிந்திருந்தது. இறுதி விசிலும் முக்கில் கம்பெனி பஸ்ஸின் ஹாரனும் ஏறக்குறைய ஒன்றாகவே கேட்டன. எதிர்ப்பக்கக் கூட்டம் கொண்டாடியது.

“கீப்பரண்ணோவ், பஸ்ஸு வந்துருச்சு! டிபன் பாக்ஸ எடுத்துக்க, பந்த நாங்க பாத்துக்கறோம்!”

“பேக ஹோகு குரு!” என்று, சீக்கிரம் போகச் சொல்லிக் கன்னடத்திலும் ஒருவன் விரட்டினான்.

கீப்பர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பாய், ஒரு நாளு லீவு போட்டா என்னா ஆயிடும்?”

“பர்மனென்ட் பண்ற மாசத்துல லீவு போடுவியா? கைக்கொழந்த வெச்சிருக்கறவன் பேசற பேச்சா இது? கெளம்புடா.”

கீப்பர் என்னைப் பார்த்தார். “இத்தன நாளா வெளிய குதிச்சியே தம்பி. இப்ப உள்ள போயி குதி.”

இதற்காகத்தான் தவித்தேன். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு. “அண்ணா, பஸ்ஸக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்களேன்.”

சொல்லவே தேவையிருக்கவில்லை. கீப்பர் பையோடு ஏறி, நான் உள்ளே இறங்கிய பிறகும் பஸ் கிளம்பவில்லை. டிரைவர் கம்பெனி அணிக்கு ரசிகர். இன்ஜினை அணைத்துவிட்டுப் படியில் வந்து நின்றுகொண்டார். ஜன்னலெல்லாம் தலைகள். பந்து என் பக்கம் வரும்போதெல்லாம் உள்ளே கைவிட்டு ஹாரனை அழுத்தினார். எனக்குக் கோல் கம்பங்களுக்கு நடுவில் நிற்கவே முடியவில்லை. ஒரு நீளப் பந்தைப் பிடிக்க எல்லையைத் தாண்டி ஓடினேன். அது என் தலைக்கு மேலே போய்விட்டது. எங்கள் டிபென்டர் கோட்டின்மேல் விழுந்து அதை வெளியே தட்டிவிட்டுக் கத்தினான்.

“டேய், வீட்டத் தொறந்து போட்டுட்டு எங்கடா போற?”

அதன் பிறகும் கோல் விழவில்லை. பெனால்டி என்று நடுவர் கைகாட்டியதும் டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். கீப்பர் இடுப்புவரை ஜன்னலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு ஏதோ கத்தினார். கேட்கவில்லை.

அணிக்கு ஐந்து உதை. அவர்கள் முதலில் அடித்தார்கள். அடிப்பவன் கால் எடுக்கும் முன்பே நான் பாய்ந்துவிட்டேன், பந்து மறுபக்கம் போனது. இரண்டாவதும் அப்படியே, மூன்றாவதும் அப்படியே. பொறுத்து நின்று பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காவது ஆள், அந்தப் பத்தாம் நம்பர், ஓடிவந்தான். பொறுக்க முடியவில்லை. வலது பக்கம் பாய்ந்தேன். இந்த முறை பந்தும் அங்கேயே வந்தது. முஷ்டியில் பட்டுக் கம்பத்தைத் தாண்டி உருண்டது. மண்ணில் கிடந்தபடி எங்கள் பக்கக் கூட்டம் கத்திய சத்தத்தைக் கேட்டேன்.

ஐந்தாவதை அடித்துவிட்டார்கள். எங்களுடையதில் ஒன்று ஏற்கெனவே கம்பத்தில் பட்டிருந்தது. கடைசி உதை கோலுக்கு மேலே பறந்து, வேலியைத் தாண்டி, பஸ் நின்றிருந்த இடத்தில் போய் விழுந்தது.

கோப்பை அத்திப்பள்ளிக்குப் போகவில்லை. ஒரு டெம்போவில் ஏறி, எங்கள் மார்க்கெட்டையே சுற்றிச் சுற்றி வந்தது. தக்காளிக் கடைகளின் முன்னால் நிறுத்தி நிறுத்தி ஆடினார்கள்.

அந்த இரைச்சல் மைதானம்வரை கேட்டுக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. கம்பெனி கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்கு முன்னால் கீப்பர் கூப்பிட்டிருந்தார்.

“என்னாச்சு?”

“தோத்துட்டோம்ணா.”

“நீ?”

“ஒண்ணு புடிச்சேன்.”

“புடிச்சியா, தட்டுனியா?”

“தட்டுனேன்.”

பின்னால் டிரைவரின் குரல் கேட்டது. “யாருய்யா ஜெயிச்சாங்க?”

கீப்பர் பஸ்ஸுக்கே கேட்கும்படி கத்தினார். “எங்க பையன் ஒண்ணு தட்டிட்டான்யா! உங்க பத்தாம் நம்பர!”

அதோடு லைன் போய்விட்டது. போனைக் காதில் வைத்தபடியே நின்றேன். பாய் காலியான பெஞ்சைத் தட்டினார்.

“மேட்சு முடிஞ்சிருச்சு. இப்பவாவது ஒக்காருடா.”

கையுறையைக் கழற்றாமல் கோல் கம்பம்வரை ஓடிவிட்டு வந்தேன்.