ஐந்து படங்களும் ஓர் ஆமெனும்

சிரிக்காதீர்கள் என்று சொல்வதுதான் அரபா எசில்ஃபியின் தொழில். பாஸ்போர்ட் படத்தில் பல் தெரியக் கூடாது. கடலோர ஊரான வின்னேபாவின் வண்டி நிலையத்தில், தக்காளிக் கூடை இறக்கும் மூலைக்கும் பஞ்சர் கடைக்கும் நடுவே இருந்த தகரக் கடையில், பதினெட்டு வருஷமாக "தாடையைத் தூக்குங்க, வாயை மூடுங்க, சிரிக்காதீங்க" என்று சொல்லியே அவள் பிழைத்து வந்தாள். இதில் வேடிக்கை என்னவென்றால், கேமராவுக்கு முன்னால் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார், பின்னால் இருக்கும் அரபாதான் சிரித்துவிடுவாள்.

அவள் சிரிப்பு லேசில் அடங்காது. முதலில் விக்கல் மாதிரி ஒன்று வரும். அப்புறம் தோள் குலுங்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும், கடைசியில் எங்கேயாவது உட்கார்ந்தே ஆகவேண்டும். அப்பாவழிச் சொத்து அது. அவள் அப்பா அக்ராவுக்கு ட்ரோட்ரோ வேன் ஓட்டியவர். சிரிப்பு வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, சிரித்து முடித்துத்தான் கிளப்புவார். பயணிகளும் பழகிப்போய், அந்த நேரத்தில் இறங்கி வேர்க்கடலை வாங்கிக்கொள்வார்கள்.

பத்தொன்பது வயதில் அரபா கடற்கரை ஆலயத்து மாதர் சங்கப் பாடகர் குழுவில் இருந்தாள். ஒரு சாவுக்கு எல்லோரும் கண் மூடிப் பாடிக்கொண்டிருந்தபோது ஒரு கோழி உள்ளே வந்து பிரசங்க மேடைக்கு எதிரே நின்று, போதகரைப் பார்த்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டது. அரபா கண்ணைத் திறந்திருந்தாள். அவளிடமிருந்து சிரிப்பு அந்த வரிசைக்குப் பரவி, வரிசையிலிருந்து துக்க வீட்டுக்காரி வரைக்கும் போய்விட்டது. சங்கத் தலைவி ஏஃபுவா அக்கோன் மீன் புகை போடும் கொட்டகைகள் நாலு வைத்திருந்தவர். ஊரே அவரை மாமே என்றுதான் கூப்பிடும். மாமே அன்றைக்கே சொல்லிவிட்டார்: "உன் தொண்டை நல்ல தொண்டைதான். அதுக்கு மேல இருக்கிற தலைதான் சரியில்ல. நீ போய்ட்டு வா."

அதோடு பாடகர் குழு போயிற்று. அதற்கப்புறம் பாஸ்போர்ட் படமும் சாவு அறிவிப்புச் சுவரொட்டியுமாக அவள் காலம் ஓடியது. நாற்பத்தோரு வயதில் ஒருநாள் காலை, படம் திருத்த அவள் வைத்திருந்த மென்பொருள் படுத்துவிட்டது. யாரோ திருட்டுத்தனமாகப் போட்டுக்கொடுத்தது அது. திரை முழுக்கச் சிவப்புக் கட்டம். அந்த நேரம் பார்த்து பாஸ்போர்ட் படத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார் கோபினா பைடூ, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர்.

"அக்கா, நான் வேற ஒண்ணு தரேன். ஓசி."

"திருட்டா?"

"இல்லக்கா. எழுதினவங்களே எடுத்துக்கோங்கன்னு குடுத்தது."

"ஏன், அவங்களுக்குக் கிறுக்கா?"

"கிறுக்கோ என்னவோ, நல்லா வேலை செய்யுது."

பைடூ கொண்டுவந்த பென் டிரைவில் நாலைந்து மென்பொருள் இருந்தது. அதில் ஒன்று எதற்கென்றே அவளுக்குத் தெரியவில்லை. உதவிப் பக்கத்தை எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்துப் பார்த்தாள். ஒரே காட்சியை ஐந்து தடவை எடுக்க வேண்டும், கும்மிருட்டாக ஒன்றில் ஆரம்பித்துப் படிப்படியாகக் கண்ணைக் கூசும் வெளிச்சம் வரைக்கும். ஐந்தையும் உள்ளே போட்டால், ஒவ்வொன்றிலும் எந்த இடம் நன்றாக வந்திருக்கிறதோ அதை மட்டும் பொறுக்கி ஒரே படமாகக் கலந்து கொடுக்கும். அவ்வளவுதான்.

கடைக்குள்ளிருந்தே வாசலைப் பார்த்து முயற்சி செய்தாள். சாதாரணமாக எடுத்தால் கடை தெரியும், வெளியே வெள்ளை வெளேரென்று போய்விடும். இல்லையானால் வெளியே தெரியும், கடை கரிச்சட்டியாகிவிடும். கலந்து வந்த படத்தில் உள்ளே அவள் சிவப்பு ஸ்டூல், சுவரில் தொங்கிய டை, வெளியே நீல வானம், வேன் நெற்றியில் 'அவசரப்படாதே' என்று எழுதியிருந்தது வரைக்கும் எல்லாம் இருந்தது. கூடவே, "அக்ரா அக்ரா அக்ரா" என்று கையாட்டிக்கொண்டிருந்த கண்டக்டருக்கு ஐந்து கை முளைத்திருந்தது. அசைந்தவர்கள் எல்லாம் அப்படித்தான் ஆவார்கள் என்று உதவிப் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அரபா ஸ்டூலிலிருந்து கீழே விழுந்து சிரித்தாள். கண்டக்டரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் அந்தப் படத்தை அச்சுப் போட்டு வண்டிக்குள்ளே ஒட்டிக்கொண்டான்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாமே வந்தார். பின்னால் சங்கத்துப் பெண்கள் ஆறு பேர். அரபா எழுந்து நின்றாள். மாமே உட்கார்ந்ததும் ஸ்டூல் மறைந்துபோனது. அவர் இரண்டு பழைய படங்களை மேஜைமேல் போட்டார்.

"பாரு. இது நம்ம சங்கத்தோட இருபத்தஞ்சாம் வருஷம். அக்ராவுலேர்ந்து ஆளு வந்து எடுத்தான்."

ஆலயத்துக் கடலோர ஜன்னலின் வண்ணக் கண்ணாடி அதில் ஜொலித்தது. அதற்கு முன்னால் வரிசையாக வெள்ளைச் சட்டைகள், வெள்ளைத் தொப்பிகள். நடுவே முகம் இருக்க வேண்டிய இடமெல்லாம் கறுப்பு, அங்கங்கே பல் மட்டும் வெள்ளையாக.

"அந்த மூணாவது பல்லு நான்," என்றாள் பின்னால் நின்ற எசி, சோள மாவு உருண்டையான கெங்கே விற்பவள்.

"இது நாப்பதாம் வருஷம். இதுல மூஞ்சி இருக்கு. ஜன்னலைப் பாரு. சலவைக்குப் போட்ட போர்வை மாதிரி!"

அந்த ஜன்னல்மேல் சங்கத்துக்கு இருந்த பாசம் கொஞ்சநஞ்சமில்லை. வலை கிழிய மீன் விழும் அற்புதத்தைக் கண்ணாடியில் வரைந்தவன் படகையும் ஆண்களையும் மட்டும்தான் முதலில் வரைந்திருந்தான். "மீனு தானா சந்தைக்கு நடந்து போச்சா?" என்று மாமே அவனைத் திருப்பி அனுப்பி, கரையில் தலையில் பாத்திரத்தோடு மூன்று பெண்களைச் சேர்க்க வைத்தார்.

"இப்ப அம்பதாம் வருஷம்," என்றார் மாமே. "எங்க மூஞ்சியும் வரணும், எங்க ஜன்னலும் வரணும். உன்னால ஆகுமா ஆகாதா?"

"ஆகும் மாமே. ஆனா அஞ்சு படமும் எடுத்து முடிக்கிறவரைக்கும் யாரும் அசையக் கூடாது."

"நாங்க என்ன ஆட்டுக்குட்டியா, அசையறதுக்கு?"

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முப்பத்திரண்டு பேர் கஞ்சி போட்ட வெள்ளையில் ஆலயத்தில் வந்து நின்றார்கள். ஆட்டுக்குட்டிகள் எவ்வளவோ தேவலை என்று அரபாவுக்கு ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ஒருத்திக்கு மூக்கு அரித்தது. ஒருத்தி பக்கத்துத் தொப்பியைச் சரிசெய்தாள். எசி, "மூச்சு விடலாமா கூடாதா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க, அந்த வரிசையே குலுங்கியது. அரபா கேமரா முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். எப்படியோ ஒரு சுற்று எடுக்கும்போது பக்கவாட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டது. பாடகர் குழுவை நடத்தும் உபதேசியார் ஒட்டூ, ஒல்லி மனிதர், எதிலும் ஒழுங்கு பார்ப்பவர், அதைச் சாத்துவதற்காகக் குறுக்கே நடந்து போனார்.

கடைக்கு வந்து கலந்து பார்த்தார்கள். ஜன்னல் ஜொலித்தது. முகங்கள் பாதிப்பேருக்குக் கலங்கலாக வந்திருந்தன. பீடத்துக்கு முன்னால் இரண்டு உபதேசியார்கள் நடந்துகொண்டிருந்தார்கள். இருவர் வயிற்றுக்குள்ளும் பின்னால் இருந்த பெஞ்சு தெரிந்தது.

"ஐயையோ உபதேசியாரே! எப்ப போய்ச் சேர்ந்தீங்க?" என்றாள் எசி.

"நான் இங்கதானே நிக்கறேன்!" என்று அவர் தன் நெஞ்சைத் தட்டிக்காட்டினார்.

அவ்வளவுதான். மாமேயே தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அரபாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், மேஜைக்கு அடியில் இருந்தாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வழியில் பார்த்தவர்களெல்லாம் ஒட்டூவின் கையைத் தொட்டுப் பார்த்தார்கள். கெங்கே வாங்கப் போன இடத்தில், "ஆவிக்கு எத்தனை உருண்டை? மிளகாய் அரைச்சது வேணுமா, இல்ல வாசனை புடிச்சாப் போதுமா?" என்று எசி கேட்டாள்.

திங்கட்கிழமை அவர் விறைப்பாகக் கடைக்கு வந்தார்.

"அரபா, அந்தப் படத்தை அழி."

"அழிக்கறேன் உபதேசியாரே." தோள் குலுங்க ஆரம்பித்திருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் இரு." அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நான் இப்படித்தான் நடக்கறேனா? கொக்கு மாதிரி?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

"ரெண்டு கொக்கு," என்றார் ஒட்டூ. அவர் வாய்க்கோடியில் ஏதோ அசைந்தது. அடுத்த நிமிஷம் அந்த ஒழுங்கான மனிதர் தகரச் சுவரில் சாய்ந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சத்தமே வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

சிரித்து ஓய்ந்தபிறகு அவர்தான் வழி சொன்னார். "இதுங்களைச் சும்மா நிக்கச் சொன்னா நிக்காது. ஆனா ஒண்ணு இருக்கு. கடைசிப் பாட்டு முடியறப்ப ஆமென் இழுப்பாங்க பாரு, என் கை கீழ இறங்கறவரைக்கும் ஒரு இமை ஆடாது. நான் இருபது வருஷமாப் பாக்கறேன்."

"வாய் திறந்திருக்குமே?"

"இருந்துட்டுப் போவுது. அதுங்க வாய் எப்ப மூடியிருந்துது?"

அடுத்த சனிக்கிழமை ஒட்டூ கேமராவுக்குப் பக்கத்தில் நின்றார். முப்பத்திரண்டு பேர் பாட்டின் கடைசி அடிக்கு வந்தார்கள். அவர் கை மேலே போனது. நாலு குரலில் ஆமென் எழும்பியது. ஒரு தொப்பி ஆடவில்லை. அரபா பொத்தானை அழுத்தினாள், ஐந்தையும் கேமரா தானாகவே எடுக்கும்படி வைத்திருந்தாள். அழுத்திய கையோடு மூன்றாவது வரிசையில் எசியின் வாய் கண்ணில் பட்டது. தண்ணீர்க் குடத்து வாய் மாதிரி அப்படி ஒரு வட்டம். விக்கல் கிளம்பிவிட்டது. இங்கே நின்று சிரித்தால் முக்காலி ஆடும் என்று தெரிந்து, மேல்துணியை வாய்க்குள் திணித்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே ஓடினாள். மணலில் கவிழ்த்திருந்த படகுமேல் விழுந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கொஞ்சம் தெளிந்தபோதுதான் காதில் விழுந்தது. ஆமென் இன்னும் நிற்கவில்லை. கேமரா எப்போது முடிக்கும் என்று ஒட்டூவுக்கு யாரும் சொல்லவில்லை!

அவள் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். கை இன்னும் மேலேயே இருந்தது, நடுங்கிக்கொண்டு. முப்பத்திரண்டு ஜோடிக் கண்களும் பிதுங்கி நின்றன. பின்வரிசையில் இரண்டு பேர் தூணைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மாமே மட்டும் ஆடாமல் அசையாமல் இழுத்துக்கொண்டே இருந்தார்.

"கையை இறக்குங்க! எப்பவோ முடிஞ்சுபோச்சு!"

கை இறங்கியது. முப்பத்திரண்டு பேரும் பெஞ்சுகளில் பொத்துப்பொத்தென்று விழுந்தார்கள். "கொல்லப் பார்த்தியே பாவி," என்று மாமே மூச்சு வாங்கினார். "ஆனா நான் விட்டேனா பாத்தியா?"

படம் கலப்பதைப் பார்க்க ஒருத்தி பாக்கியில்லாமல் வண்டி நிலையத்துக்கு வந்துவிட்டார்கள். கடைக்குள் நாலு பேருக்குத்தான் இடம். மற்றவர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நிற்க, அக்ரா போகும் வேன் நகர முடியவில்லை. டிரைவரும் இறங்கி வந்து பார்த்தான். அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் பச்சைக் கோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. நாற்பது சதவீதத்தில் நின்றுபோனது.

"பாடுங்கடி," என்றார் மாமே.

பாடினார்கள். கைதட்டிப் பாடினார்கள், பயணிகளும் சேர்ந்துகொண்டார்கள். நாற்பத்தொன்று. எழுபது. படம் வந்தது.

ஜன்னலில் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக வலை கிழிந்து மீன் கொட்டியது. கண்ணாடிப் பெண்கள் மூவரும் தலைச்சுமையோடு நின்றார்கள். அவர்களுக்குக் கீழே முப்பத்திரண்டு முகம், ஒவ்வொன்றும் அதனதன் நிறத்தில், கரும்பழுப்பு, காப்பிக்கொட்டை நிறம், செம்மண் நிறம். கன்னத்து மச்சம் தெரிந்தது, கம்மல் தெரிந்தது, சட்டையில் கஞ்சி மடிப்புத் தெரிந்தது. முப்பத்திரண்டு வாயும் வட்டமாகத் திறந்திருந்தது.

"சத்தம் கேக்குதுடி," என்றார் மாமே மெதுவாக. "படத்துலேர்ந்து சத்தம் கேக்குது."

எசி திரையில் விரல் வைத்தாள். "இது நான். முழுசா நான். பல்லு மட்டும் இல்ல." அப்புறம் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அரபா சிரிக்கவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இந்த மெஷினை ஓசியாக் குடுத்தவங்க யாரு?" என்று கேட்டார் மாமே.

அரபா தேடிப்பிடித்துப் பெயர்ப் பட்டியலைக் காட்டினாள். எந்தெந்த நாட்டுக்காரர்களோ, அறுபதுக்கும் மேல். மாமே அதை எழுதி வாங்கிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நன்றி ஜெபத்தில் ஒன்று விடாமல் வாசித்தார். பாதிப் பெயரை அவர் நாக்கு மீன் முள்ளைப் பிரிக்கிற மாதிரி பிரித்துப் பிரித்துத்தான் சொன்னது. ஒவ்வொரு பெயருக்கும் சபை ஆமென் சொன்னது. ஒட்டூ கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் படம் அந்த வருஷத்துச் சபைக் காலண்டரில் வந்தது. அதற்கப்புறம் அரபாவுக்கு உட்கார நேரமில்லை. தையற்காரிகள் சங்கம் வந்தது, தீயணைப்பு நிலையத்தார் வந்தார்கள். எல்லோருக்கும் அந்த 'ஆமென் படம்'தான் வேண்டும். ஜனவரியில் வண்டி நிலையத்து டிரைவர் சங்கத்தார் வந்தார்கள். பாதிப்பேர் கிறிஸ்தவர்கள், பாதிப்பேர் முஸ்லிம்கள். எந்தப் பாட்டை இழுப்பது என்று அரை மணி நேரம் வாய்ச்சண்டை. கடைசியில் அவர்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். வேன்களுக்கு முன்னால் வரிசையாக நின்று, மார்பை நிமிர்த்தி, ஹாரன் அடிக்கிற மாதிரி "பாஆஆஆஆம்" என்று நாற்பது பேரும் சேர்ந்து இழுத்தார்கள். அரபா பொத்தானை அழுத்திவிட்டுப் பஞ்சர் கடைப் பக்கம் ஓடினாள்.