விதைக்காமல் விளைந்த கதிர்க்கட்டு

அறுப்பின் பண்டிகையன்று எங்கள் ஆலயத்துக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது வெட்டிய கரும்பின் வாசனை. அதன் பின்னால் பழுத்த வாழைத்தார், மண் ஒட்டிய சேப்பங்கிழங்கு, பெஞ்சுக்கு அடியில் காலைக் கட்டிப் போட்ட சேவலின் நெடி. அவரவர் நிலத்தில் விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்து பலிபீடத்தின்முன் வைத்து ஜெபிப்பதும், ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் அதையே ஏலம் விடுவதும் எங்கள் ஊர் வழக்கம். ஒரகடத்துக்கும் படப்பைக்கும் நடுவில் இருந்த எங்கள் வயல்கள் தொழிற்சாலைகளுக்கென்று போய்விட்ட பிறகும், இரண்டாயிரத்தை ஒட்டிய அந்த ஆண்டுகளில், பண்டிகை மட்டும் நிற்கவில்லை. வயல் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சனிக்கிழமை படப்பைக்கு பஸ் ஏறிப் போய்ப் பூசணிக்காய் வாங்கி வந்து, மறுநாள் "எங்க வெளைச்சல், ஆண்டவரே" என்று கூசாமல் படைத்தார்கள். லாரியில் வந்த காய் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

என் அம்மா சுகந்திக்கு இந்த நாடகம் பிடிக்கவே இல்லை. "கடையில வாங்கிட்டு வந்து கர்த்தருகிட்டயே பொய் சொல்றதா?" என்று வீட்டில் பொரிந்து தள்ளுவாள். நிலம் போன பிறகு அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார்; அம்மா ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற "ஹவுஸ்கீப்பிங்" வேலைக்குப் போனாள். அந்த வேலைக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர் வேறு யாருமல்ல, எங்கள் சபையின் செயலாளர்தான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடைக்கு அருகில் அவர் நாற்காலி. திங்கட்கிழமை காலையில் யார் கம்பெனி வேனில் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பது அவர் வாயில். அதனால் அம்மா பொரிந்ததெல்லாம் எங்கள் வீட்டுச் சுவர்களுக்குள்ளேயே நின்றது.

எங்கள் நிலத்தைச் சுற்றி மதில் எழுப்பிய கம்பெனி முதல் வருஷம் உள்ளே எதுவும் கட்டவில்லை. ஐப்பசி மழையில் உள்ளே தண்ணீர் தேங்கி நின்றது. தை பிறந்த சமயம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இரும்புக் கேட்டின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். முந்தைய அறுவடையில் உதிர்ந்த நெல் தானாக முளைத்து, மதிலோரப் பள்ளத்தில் ஒரு திட்டாக முற்றிப் பழுத்து நின்றது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் துடைப்பத்தைப் போட்டுவிட்டு என்னோடு வந்து, அந்த இடுக்கு வழியாக வெகுநேரம் பார்த்தாள்.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் அரிவாளோடு போனோம். காவலுக்கு இருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்து இளைஞர். நாங்கள் கேட்குமுன்பே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. "வெரசா அறுத்துட்டுப் போங்கக்கா. நா அந்தக் கடைசி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாரேன்" என்று சொல்லிக் கேட்டைத் திறந்துவிட்டு நடந்தார். அம்மா அறுக்க அறுக்க நான் அள்ளினேன். ஒரே ஒரு கட்டுதான் தேறியது.

மறுநாள் ஆலய வாசலிலேயே, போதகர் ஐயாவின் பக்கத்தில் நின்றிருந்த செயலாளர் மறித்துக்கொண்டார்.

"இன்னா சுகந்தி இது? கம்பெனி உள்ள பூந்து அறுத்தியா? அது அவங்க சொத்து. திருடினத கொண்டாந்து பலிபீடத்துல வெப்பியா? நாளைக்கு வேலைக்கு வரணுமா வாணாவா?"

அம்மா தலையிலிருந்த கட்டை இறக்கவில்லை.

"நா விதைக்கல, தண்ணி கட்டல, களை எடுக்கல. நீங்க சொல்ற கம்பெனியும் ஒண்ணும் பண்ணல. அப்பொறம் வெளைய வச்சது யாருன்னு ஐயாவையே கேளுங்க. வெளைய வச்சவருக்குத்தான் எடுத்துக்கினு போறேன்."

விதைக்காத பறவைகளையும் ஆண்டவர் போஷிக்கிறார் என்று முந்தின வாரம்தான் உருக்கமாகப் பேசிய போதகர் ஐயா, செயலாளரின் முகத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அம்மா யாருடைய பதிலுக்கும் காத்திராமல் நடுவழியே நடந்துபோய், பூசணிக்காய்களை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டு, நடுவில் கட்டை வைத்தாள்.

ஏலத்தில் கூவியவர் செயலாளர்தான். பூசணி போயிற்று, வாழைத்தார் போயிற்று, சேவலும் போயிற்று. அன்று எங்கள் ஊர் வயலில் நிஜமாக விளைந்து வந்த ஒரே பொருளை அவர் கையால் தொடக்கூட இல்லை. கூடியிருந்த சனத்தில் ஒருவராவது "அது இன்னா விலை?" என்று கேட்பாரா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. அந்த முகங்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. "வுடு, நா ஏலத்துக்குக் கொண்டாரல" என்று அம்மா என் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். திங்கட்கிழமை வேனில் அவளுக்கு இடமில்லை என்றார்கள். அதன்பின் சுங்குவார்சத்திரத்தில் பெண்பிள்ளைகள் தங்கும் விடுதி ஒன்றில் சமையலுக்குப் போனாள். அந்தக் கட்டைப் பற்றி ஒருநாளும் அவள் வருந்திப் பேசி நான் கேட்டதில்லை.

இயற்கையில் கர்த்தரைக் காணுங்கள் என்று பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அது பூவும் குருவியுமாக இருக்கிறவரை உருகுவார்கள். மதிலுக்குள் முளைத்த நெல்லாக இருந்தால் பட்டா கேட்பார்கள்.

இன்று அந்த இடம் முழுக்கத் தார் போட்டு, கண்டெய்னர் லாரிகள் நிற்கின்றன. எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே ஒரு புல்லும் முளைக்காது. ஏலம் நின்றுபோய் வருஷங்கள் ஆகின்றன. பூசணிக்காய்ப் பொய்க்குக்கூட இப்போது ஆள் இல்லை, பண்டிகைக்குக் காணிக்கைக் கவர்தான். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு இப்போது நான்தான் ஆசிரியை. அறுப்பின் பண்டிகை வாரத்தில், அந்தக் கதிர் எங்கே முளைத்தது, யார் அறுத்தது, யார் தடுத்தது, யாருக்கு வேலை போயிற்று என்று ஒன்றுவிடாமல் அவர்களுக்குச் சொல்கிறேன். "பழச இன்னாத்துக்குப் பசங்ககிட்ட கிளர்றே? பாடத்துல கீறத மட்டும் சொல்லு" என்று செயலாளர் போன வருஷம் கூப்பிட்டுச் சொன்னார். அவருக்கு வயதாகிவிட்டது, காது மட்டும் இன்னும் நன்றாகக் கேட்கிறது. வகுப்பு நடக்கிற அறையின் ஜன்னலுக்கு வெளியேதான் நாற்காலி போட்டு உட்காருகிறார். நான் குரலைத் தாழ்த்துவதில்லை. கேட்கட்டும்.