ஒரு ஆள் திறக்கிற கூரை

எங்கள் வீட்டில் கடைசியாக நடந்த பெரிய சண்டை ஒரு காரின் கூரையைப் பற்றியது. நகை, நிலம், நாத்தனார் என்று கௌரவமான விஷயங்களுக்காகச் சண்டை போட்டவர்கள் நாங்கள். கடைசியில் கூரைக்கு வந்து நின்றோம்.

என் கணவருக்கு நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டு வரும் நோய். அடையாறில் டாக்டர் எங்கள் இருவரையும் எதிரே உட்கார வைத்துத்தான் சொன்னார்: ஒரு வருஷம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு. வெளியே வந்து செருப்பை மாட்டும்போதே, இந்தப் பேச்சு இனி வீட்டில் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டினார். அடுத்த வாரம் கார் வாங்கப் போவதாகச் சொன்னார்.

சாதாரணக் கார் என்றால் பரவாயில்லை. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேலே திறந்துகொள்கிற பழைய ஸ்போர்ட்ஸ் கார். மூடிய இடத்தில் அவருக்கு மூச்சு முட்டும். முகத்தில் காற்று பட்டால் கொஞ்சம் ஆசுவாசம். பீச் ரோட்டில் மேலே திறந்து போட்டுக்கொண்டு போக வேண்டுமாம். காற்றுதான் வேண்டுமென்றால் டேபிள் ஃபேன் வாங்கித் தருகிறேன் என்றேன். ஓட்டப் போவதும் நான்தானே. மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு அவரால் கிளட்ச் மிதிக்க முடியாது. ஆனாலும் அவர் எதையாவது ஆசையாகக் கேட்டு வெகு நாளாகியிருந்தது. சரியென்றேன்.

வண்டி அசோக் நகரில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் நின்றது. எஞ்சினெல்லாம் சரிதான், மேலே இருந்த துணி மட்டும் நார் நாராகக் கிழிந்திருந்தது. மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். புதிதாகத் துணிக் கூரை போடலாம். இல்லையென்றால் ஃபைபரில் ஹார்டு டாப் என்கிற கெட்டிக் கூரை வாங்கி மேலே பொருத்தலாம். திறந்து ஓட்ட வேண்டுமென்றால் அதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

"துணின்னா நம்ம வெயிலுக்கு அஞ்சு வர்சம் தாங்கும் சார். அப்பால கிழிய ஆரம்பிச்சிரும். ஹார்டு டாப்பு அப்டி இல்ல. உங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்."

எங்களுக்குப் பிள்ளையே இல்லை. என் கணவர் சிரித்துக்கொண்டு, "அஞ்சு வருஷமா? அது தாராளம்பா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த இடத்திலேயே ஹார்டு டாப்தான் என்று முடிவு செய்துவிட்டேன். மழை ஒழுகாது, ரோட்டுத் தூசி உள்ளே வராது, காக்கை எச்சத்தைத் துடைத்தால் போய்விடும் என்று வாய்க்கு வந்த காரணமெல்லாம் சொன்னேன். உண்மையான காரணம் வேறு. ஐந்து வருஷம் தாராளம் என்கிற ஆளுக்கு ஐந்து வருஷத் துணியை வாங்கித் தர எனக்கு மனசில்லை. நெடுங்காலம் உழைக்கிற பொருளாக வாங்கிப் போட்டால் ஆளும் கூடவே இருந்துதான் ஆக வேண்டும் என்று ஒரு நினைப்பு. பைத்தியக்கார நினைப்புதான்.

அவரோ துணி என்றே நின்றார். "கழட்டி வச்சிட்டுப் போன பிறகு மழை வந்தா?" என்பார். "நனைவோம்" என்பேன். "அது பயங்கர கனம்" என்பார். "நீங்களா தூக்கப் போறீங்க?" என்பேன். அதற்குள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும். மூச்சு வாங்குகிற மனுஷனிடம் ஜெயிப்பதில் ஒரு பெருமையும் இல்லை. ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. வண்டி ஷெட்டிலேயே கிடந்தது.

இதற்கிடையில் அவருக்குச் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. திரும்பி வந்த அன்று, மயிலாப்பூரில் எங்கள் கட்டடத்தின் கீழே, அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக்கொண்டு லிஃப்டுக்காக நின்றேன். எதிர் வீட்டு மாமி கோயிலிலிருந்து வந்தார். என் கணவர் கண்ணை மூடியிருந்ததைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்.

"எப்போ எடுக்கப் போறேள்?"

நம் ஊரில் துணி எடுப்பதற்கும் வண்டி எடுப்பதற்கும் பிணத்தை எடுப்பதற்கும் ஒரே சொல்தான். எத்தனையோ இழவு வீட்டு வாசலில் நானே அதே கேள்வியை அதே தாழ்ந்த குரலில் கேட்டிருக்கிறேன்.

"இன்னும் உசிரோடதான் இருக்காரு மாமி. செத்த பிறகு சொல்லி அனுப்பறேன்" என்றேன்.

மாமியின் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, நான் வண்டியைன்னா கேட்டேன். ஏதோ கார் எடுக்கப் போறதா அவர்தான் அன்னிக்குச் சொல்லிண்டிருந்தார்."

நாற்காலியிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தூங்கவில்லை, எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் அடங்க வெகு நேரமாயிற்று. மாமி லிஃப்டுக்கு நிற்காமல் படியேறிப் போய்விட்டார்.

வீட்டுக்குள் கொண்டுவந்து ஆக்ஸிஜனை மாட்டினேன்.

"பேசக் கூடாதுன்னு சட்டம் போட்டவ நீ," என்றார். "இப்ப நீயே செத்த பிறகுன்னு சொல்லிட்டே. இனிமே நானும் பேசலாம் இல்ல?"

நான் குழாயை அவர் காதுக்குப் பின்னால் சரி செய்துகொண்டிருந்தேன். அவரே தொடர்ந்தார்.

"அந்த ஹார்டு டாப்பைக் கழட்டணும்னா ரெண்டு பேர் வேணும். இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர். துணின்னா ரெண்டு கொக்கியை விட்டுட்டுப் பின்னால தள்ளணும், அவ்ளோதான். ஒரு ஆளே பண்ணிடலாம்."

"வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்கறேன்."

"கூப்பிட மாட்டே. ஒருத்தர்கிட்ட ஒரு உதவி கேக்கறதுக்குள்ள உனக்கு உசிர் போயிடும். அது பாட்டுக்கு மூடியே கிடக்கும். நீயும் வீட்டுக்குள்ள மூடிட்டுக் கிடப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

இத்தனை நாளும் அவர் தனக்காகக் கேட்கிறார் என்று நினைத்துத்தான் மல்லுக்கு நின்றேன். சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மறுநாள் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, துணியே போடுங்கள் என்றேன்.

வண்டி வந்தபோது பீச் ரோட்டுக்குப் போகிற உடம்பு அவருக்கு இல்லை. கீழே பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, என்னைத் திறந்து காட்டச் சொன்னார். ஒரு கொக்கி வந்தது. இன்னொன்று விரலைக் கடித்தது. துணி மடங்காமல் விறைத்துக்கொண்டு நின்றது.

"இந்த மூலையைக் கொஞ்சம் பிடிங்களேன். கை எட்டற தூரம்தானே."

"மாட்டேன்," என்றார்.

எனக்கு வியர்த்துக் கொட்டியது. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, அந்த மடியில் போய் விழ வேண்டும் போலவும் இருந்தது. ஒரு வழியாகத் துணி பின்னால் போய் மடங்கி உட்கார்ந்தது.

"இன்னொரு தரம்," என்றார்.

மூடிவிட்டு, மறுபடி திறந்தேன்.