மூன்று மணி நேரம் முன்னதாக

வெளிநாட்டு விமானத்துக்கு எவ்வளவு நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டிராவல்ஸ்காரனைக் கேட்டால் மூன்று மணி நேரம் என்பான். என் மாமனாரைக் கேட்டால், அது போகிற ஆளைப் பொறுத்தது. மூத்த மகன் என்றால் கதவைச் சாத்துகிற நேரத்துக்குப் போகலாம். இளைய மகனின் பெண்டாட்டி என்றால் விமான நிலையத்தைப் பெருக்குகிறவர்களுக்கு முன்னால் போய் நிற்க வேண்டும்.

மூத்த மகன் என் வீட்டுக்காரர். 2006இல் அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. விமானம் மத்தியானம். நாங்கள் சிதம்பரத்திலிருந்து சென்னைக்குப் போக வேண்டும். வேன் வந்து நிற்கிறது, அதற்குள் ராகு காலம் பிறந்துவிட்டது. அது முடிகிறவரை யாரும் வெளியே போகக் கூடாது என்று மாமனார் வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நேரம் இருக்கு, நேரம் இருக்கு. ஏரோப்ளேன் இன்னா டவுன் பஸ்ஸா, ஒடனே எடுத்துட்டுப் போறதுக்கு?" என்றார்.

ராகு காலம் முடிந்து கிளம்பினோம். வழியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும் என்றார் மாமியார். உடைத்தோம். திண்டிவனத்தில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விமானம் கிளம்பியிருக்கவில்லை. ஆனால் பெட்டி வாங்குகிற கவுன்ட்டரை மூடிவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியவர் அதே பெட்டியோடு வெளியே வந்தார். "மூடிட்டாங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் பேசினேன்.

இவருக்காக அந்தக் கம்பெனி இடத்தைக் காலியாக வைத்திருக்குமா? அடுத்த முறை ஆள் எடுத்தபோது கொழுந்தன் போய்விட்டான். இவர் பழையபடி மேல வீதியில் பாத்திரக்கடைக்கு வேலைக்குப் போனார். கொழுந்தன் லீவில் வந்து கல்யாணம் பண்ணிக்கொண்டான். ஓரகத்தி வந்தாள். நல்ல பெண்தான், அதுதான் இன்னும் எரிச்சல். ஒரு குறையாவது இருந்தால் சொல்லித் தீர்த்திருப்பேன். 2011இல் அவளுக்கு மஸ்கட் போக விசா வந்தது. வயிறு எரிந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே எரிந்தது. நான் போயிருக்க வேண்டிய ஊர், நான் இருந்திருக்க வேண்டிய வீடு. இங்கே நான் மாமியாருக்குக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அவள் கிளம்புகிற நாள் கரிநாள். அட, இந்த முறையும் வாசலில் நாற்காலி போடுவார் என்று பார்த்தால், மாமனார் பரஸ்தானம் வைக்கலாம் என்றார். பயண நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பையைக் கொண்டுபோய் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் வேண்டுமானாலும் கிளம்பலாம். வைத்த பை மட்டும் வீட்டுக்குத் திரும்பக் கூடாது. போகிற வழியில் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

எனக்கு அப்படியே ஆத்திரம் பொங்கியது. இந்த வழி 2006இல் இல்லையா? பஞ்சாங்கத்தில் புதிதாகவா சேர்த்தார்கள்? என் புருஷனுக்கு மட்டும் ஏன் யாருக்கும் தோன்றவில்லை?

கடலூர் சென்னைக்குப் போகிற வழி என்பதால் அங்கே என் அம்மா வீட்டில் வைப்பதென்று முடிவானது. வெறும் பையை வைத்தால் பலிக்காது, பயணத்துக்கு எது முக்கியமோ அதை வைக்க வேண்டும் என்று மாமியார் பாஸ்போர்ட்டையும் டிக்கெட்டையும் அதற்குள்ளேயே போட்டுக் கொடுத்தனுப்பினார். பத்து மணிவாக்கில் வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தோம்.

விமானம் சாயங்காலம். மாமனாருக்கோ இருப்புக்கொள்ளவில்லை. விடியற்காலையிலேயே எல்லோரையும் எழுப்பி வேனில் ஏற்றிவிட்டார். என் வீட்டுக்காரர் பெட்டிகளை வேன்மேல் வைத்துக் கட்டினார். "நீங்களும் வாங்க மாமா" என்று ஓரகத்தி அவரைக் கூப்பிட்டதற்கு, "கடை இருக்கும்மா, பாத்து போய்ட்டு வா" என்றார். கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். நான் வேனிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

கடலூரில் போய் இறங்கினால் வீடு பூட்டியிருக்கிறது. மறுபடியும் போன் போட்டேன். உள்ளேயே மணி அடித்தது.

எல்லோரும் பூட்டைப் பார்த்தார்கள். அப்புறம் என்னைப் பார்த்தார்கள்.

"உங்கம்மாகிட்ட நீ ஒழுங்கா சொல்லலியா?" என்றார் மாமியார்.

"பத்து மணின்னு சொன்னது நானா அத்த? நீங்கதான பக்கத்துல நின்னு சொல்லச் சொன்னீங்க?"

டிரைவர் பூட்டை உடைத்துவிடலாம் என்றான். "ஐயய்யோ, பயணம் போற அன்னிக்குப் பூட்ட ஒடைக்கிறதா!" என்று மாமியார் கையை உதறினார். ஓரகத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். "பாஸ்போர்ட்டு உள்ள இருக்கே அக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். போகாமலே போகட்டுமே என்று எனக்குள் ஒன்று குதித்தது நிஜம். பெட்டியோடு திரும்பி வருவது எப்படி இருக்கும் என்று இந்த வீட்டில் இன்னொருத்தரும் தெரிந்துகொள்ளட்டுமே.

எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "மீன் வாங்கத் தேவனாம்பட்டினம் போயிருக்காங்க. மஸ்கட்டு போற பொண்ணுக்கு வறுத்துத் தரணும்னு சொன்னாங்க" என்றார். நான் டிரைவரை இழுத்துக்கொண்டு வேனில் ஏறினேன். ஓரகத்திமேல் பாசம் பொங்கி ஏறவில்லை. விமானம் போய்விட்டால் சாகிறவரைக்கும் என் பொறாமைதான் பூட்டுப் போட்டது என்பார்கள். அந்தப் பேரை நான் ஏன் வாங்க வேண்டும்?

கரையில் அம்மா ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாவி இடுப்பில்.

"என்னாடி, பத்து மணின்னீங்க? இரு, இன்னொரு போட்டு கரைக்கு வருது. சங்கரா கெடைக்கும்."

"அம்மா தாயே, மொதல்ல கெளம்பு!"

"போறது அவ. நீ ஏன்டி இப்பிடி ஓடியாற?"

கூடையைப் பிடுங்கிக்கொண்டு நடந்தேன்.

கதவு திறந்தது. பை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. ஓரகத்தி பாஸ்போர்ட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கிளம்ப வேண்டியதுதானே? மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மீன வறுத்தே குடுங்க சம்மந்தி. நேரம் இருக்கு" என்றார்.

அதே வாய், அதே வார்த்தை. ஆனால் இந்த முறை நிஜமாகவே நேரம் இருந்தது. பூட்டின வீடு, கடற்கரை, மீன் வறுவல் எல்லாவற்றுக்கும் போக இன்னும் மிச்சம் இருந்தது. அந்த நேரத்தின்மேல்தான் எனக்குப் பொறாமை. மஸ்கட்மேல்கூட அவ்வளவு இல்லை. அதில் கொஞ்சத்தை அன்றைக்கு என் வீட்டுக்காரருக்குக் கிள்ளிக் கொடுத்திருந்தால் போதுமே.

விமான நிலையத்தில் வாசல் காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சாயங்காலம் ஃப்ளைட்டுக்கு இப்பவே வந்துட்டீங்களா? மூணு மணி நேரத்துக்கு முன்னாடிதான் உள்ள வுடுவோம்" என்றார். வெளியே ஒரு தூண் ஓரமாகப் போர்வையை விரித்து, தயிர்ச் சாதமும் வஞ்சிரமும் சாப்பிட்டோம். மாமனார் ஒரு தூக்கம்கூடப் போட்டார். உள்ளே விடுகிற நேரம் வந்ததும் ஓரகத்திதான் முதல் ஆளாகப் போனாள். நான் கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். கவுன்ட்டரில் இன்னும் ஆளே வரவில்லை. கட்டியிருந்த கயிற்றுக்கு முன்னால் அவள் தனியாக நின்றாள். திரும்பிப் பார்த்துக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

மறுநாள் காலை என் வீட்டுக்காரர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பூட்டின கதை எல்லாம் சொல்லி முடித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டார். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர், என்னைப் பார்க்காமல், "கவுன்ட்டர் தொறந்து இருந்துச்சா?" என்றார்.

ஐந்து வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அன்றைக்குத்தான்.

"தொறக்கவே இல்லீங்க. அதுக்கு முன்னாடியே போய் நின்னுட்டா" என்றேன்.

"அப்பிடியா" என்றார். பித்தானை ஒரு ஓட்டை மாற்றிப் போட்டிருந்தார். நான் போய் அவிழ்த்துச் சரியாகப் போட்டுவிட்டேன். அதுவரைக்கும் அவர் அப்படியே நின்றார்.