பன்றியின் இதயம் இருக்கும் இடத்தைச் சொன்னது நான்

பன்றி முடி பொசுங்கும் மணம். அதோடு ஈரச் சிவப்பு மண்ணும் வெங்காயத் தாளும் கலந்த மணம்... புக்கெகோஹி என்று யார் சொன்னாலும் எனக்கு முதலில் மூக்கில் வருவது அதுதான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் நியூசிலாந்துக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. எங்களை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டவர் அக்காவின் புருசன். அத்தானின் வீடு, அத்தானின் கார், அத்தானின் கதை. நானும் என் மனுசனும் கேட்டுக்கொண்டிருப்போம்.

மூன்று பேருக்கும் புக்கெகோஹி ஊரில் ஒரே காய்கறித் தோட்டத்தில் வேலை. தோட்டத்தின் பின்பக்கம் பற்றைக்காட்டு மலை. அங்கிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கி உருளைக்கிழங்கு வரிசைகளை உழுதுவிட்டுப் போகும். தோட்டத்தின் முதலாளியான வெள்ளைக்காரக் கிழவர், அத்தானிடம் துவக்கு லைசென்ஸ் இருக்கிறதென்று அறிந்து, சுடச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை விடியத் துவக்கோடு அத்தான் முன்னால் போவார். கயிறும் கத்தியும் சாக்குமாக என் மனுசன் பின்னால் போவார்.

வெட்டுவது நான். அக்கா விரதக்காரி, பன்றியை வீட்டுக்குள் எடுக்க விடமாட்டா. கராஜில் பலகை போட்டுத்தான் வெட்டுவேன்.

பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஆனால் வன்னியில் என் அப்பா வேட்டைக்காரர். பத்து வயதிலிருந்து அவர் சுட்டதை உரித்தவள் நான். சுடுகிறவர் பன்றியை வெளியே இருந்து பார்ப்பார். நான் உள்ளே இருந்து பார்த்தவள். வெடி எங்கே புகுந்தது, எதைக் கிழித்தது, எதைத் தொடாமல் போனது... எல்லாம் என் விரலுக்குத் தெரியும்.

அத்தான் கொண்டு வரும் பன்றி ஒவ்வொன்றும் நாறும். எல்லாம் வயிற்றில் பட்ட வெடி. குடல் உடைந்து இறைச்சி முழுக்க ஊறியிருக்கும். மஞ்சளும் உப்பும் போட்டு ஏழு தண்ணீர் கழுவினாலும் போகாது. வயிற்றில் பட்ட பன்றி உடனே சாகவும் மாட்டாது. பற்றைக்குள் ஓடி, கிடந்து, துடித்துத்தான் சாகும். அதைத் தேடிப் பற்றைக்குள் நுழைகிறவர் என் மனுசன்.

ஒரு நாள் துணிந்து சொன்னேன், முன்னங்காலுக்குப் பக்கத்தில் கீழே பார்த்து அடிக்கச் சொல்லி. அத்தான் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"உன்ர தங்கச்சி கறிச்சட்டிக்குள்ள இருந்து குறி பாக்கிறாள்."

அக்கா சிரித்தா. அந்தச் சிரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை அத்தான் ஒரு பெட்டைப் பன்றியை விழுத்தினார். கூட வந்த கிழட்டு ஆண்பன்றிக்கும் வெடி பட்டது, ஆனால் ஓடிவிட்டது. தேடிப் போன என் மனுசனின் கெண்டைக்காலைப் பல்லால் கிழித்துவிட்டு, அது மறுபடியும் காட்டுக்குள் போனது. பதினாலு தையல். இன்னும் கொஞ்சம் மேலே பட்டிருந்தால் நான் இன்றைக்கு இதை வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வரும் பெண்கள் மலையடி வரிசைகளில் களை பிடுங்க வேண்டும், அதற்குள் அந்தப் பன்றியை முடித்துத் தாருங்கள் என்று கிழவர் சொல்லியனுப்பினார். அத்தான் என் மனுசனைப் பார்த்து, நாளைக்கு மெல்ல மெல்ல நடந்து வரலாம்தானே என்றார்.

"அவர் வரமாட்டார். நான் வாறன். அதுக்கு முதல் நீங்கள் ஒருக்கா கராஜுக்கு வாங்கோ."

பெட்டைப் பன்றி பலகையில் பக்கவாட்டில் கிடந்தது. அக்கா கம்பளி பின்னும் ஊசியை எடுத்து வைத்திருந்தேன். முன்னங்காலை முன்னுக்கு இழுத்தேன். முழங்கை மடிப்புக்குப் பின்னால், உடம்பின் கீழ்ப்பங்கில், ஊசியை முழுதாக இறக்கினேன். பிறகு விலாவை வெட்டித் திறந்தேன். ஊசி இதயத்தில் குத்தி நின்றது.

"முதுகில சிலிர்த்து நிக்கிற மயிரையும் உடம்பெண்டு எண்ணி மேல அடிக்கிறியள். நடுவில அடிச்சா குடல். கிழட்டுப் பண்டிக்குத் தோளில தோல் பலகை மாதிரித் தடிச்சிருக்கும், அதிலயும் அடிக்காதேங்கோ."

அத்தான் சிரிக்கவில்லை. ஊசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறு விடிய, புல்லெல்லாம் வெள்ளையாய் உறைந்திருந்தது. வேலியோரமாக நொண்டிக்கொண்டு வந்தது அது. நாற்பது அடி இருக்கும். பக்கவாட்டில்தான் நின்றது, ஆனால் முன்னங்கால் பின்னுக்கு மடிந்து இதயத்தை மறைத்தபடி. அத்தான் கன்னத்தைத் துவக்கில் வைத்துவிட்டார்.

"பொறுங்கோ. கால் முன்னுக்குப் போகட்டும்."

பொறுத்தார். மூச்சு விடவில்லை இரண்டு பேரும். பன்றி ஒரு அடி எடுத்து வைத்தது.

"இப்ப. கீழ... இன்னும் கீழ."

பத்து அடி ஓடியிருக்கும். விழுந்தது. பிறகு அசையவேயில்லை.

கராஜில் நான்தான் திறந்தேன். வெடி இதயத்தின் நடுவில். இறைச்சியில் துளி நாற்றம் இல்லை. முதல் நாள் வெடி தோள் தடிப்பில் சிக்கி நசுங்கிக் கிடந்தது.

எங்கள் அப்பா வீட்டில் பன்றியின் இதயம், அதைச் சுட்டவருக்குத்தான். அன்றைக்கு நான் அதை மிளகு போட்டு வறுத்து, காலை நீட்டிக்கொண்டிருந்த என் மனுசனுக்குக் கொடுத்தேன். அத்தான் பார்த்தார். பிறகு துவக்கைத் துடைக்கப் போனார்.

இப்போது பட்டணத்துப் பக்கம், லின்ஃபீல்டில் எங்களுக்குச் சொந்த வீடு. அந்தப் பற்றைக்காட்டு மலையடிவரை வீடுகள் வந்துவிட்டனவாம். பேரன் போனில் பன்றியின் உள்ளுடம்பைக் கலர்கலராகக் காட்டுகிறான், இதயத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு. எனக்கு அதைப் படிக்கப் பத்து வயதிலிருந்து ஒரு கத்தி தேவைப்பட்டது...

போன கிழமை அவனுடைய பிறந்தநாள். அத்தான் வந்திருந்தார், எண்பது வயது. பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து அந்தப் பன்றிக் கதையைச் சொன்னார். உறைந்த புல் இருந்தது, வேலி இருந்தது, நாற்பது அடி இருந்தது. "கால் முன்னுக்குப் போகட்டுமெண்டு நான் பொறுத்தன்" என்றார். அந்தக் கதையில் நான் இல்லை.

கேக் தட்டோடு நின்று கேட்டேன்.

"அத்தான், அந்த இதயத்தை ஆர் சாப்பிட்டது?"

என் மனுசன் கெண்டைக்காலைத் தடவிக்கொண்டு கீழே பார்த்துச் சிரித்தார். அத்தான் சீனி கூடப் போட்டுத் தேத்தண்ணி ஒன்று கேட்டார்.

என் வீடு, என் கேத்தல். போட்டுக் கொடுத்தேன்... சீனி போடாமல்.