பால்பொடி வருமா என்று கேட்கத் திருப்பதிக்குப் போனோம்

திருப்பதிக்குப் போய் வந்தேன் என்று சொன்னால் போதும், மொட்டையா, லட்டு எத்தனை, தரிசனத்துக்கு எத்தனை மணி நேரம் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். மொட்டையும் இல்லை, லட்டும் இல்லை, தரிசனமும் இல்லை. நானும் என் ஓரகத்தி வசந்தாவும் போன வியாழக்கிழமை அங்கே போனது டெல்லிக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்க. ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி முடித்துவிடக்கூடிய கேள்வி. கோபம் இன்னும் ஆறவில்லை. நடுவில் வார்த்தை தடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பஸ், ஆட்டோ, சாப்பாடு விவரமெல்லாம் ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

விஷயம் இதுதான். வெளிநாட்டுச் சரக்கு நம் நாட்டுக்குள் வருவதற்கு டெல்லியில் புதுச் சட்டம் கொண்டுவரப் போகிறார்களாம். எதற்கு எவ்வளவு வரி, எதற்கு வரியே வேண்டாம் என்பதெல்லாம் மாறுமாம். வெளிநாட்டுப் பால்பொடியும் வெண்ணெயும் வரி இல்லாமல் வந்து இறங்கலாம் என்று எங்கள் பால் சென்டரில் ஒரே பேச்சு. ஆந்திர எல்லையில் எங்கள் பாலசமுத்திரம் பக்கம் ஒரு காலத்தில் காணி நிலம் இல்லாமல் கூலிக்குப் போன குடும்பங்கள் இன்றைக்கு நிமிர்ந்து நிற்கின்றன என்றால், அது மாட்டின் நாலு காலில்தான் நிற்கின்றன. குடோனில் பொடி மூட்டை சேர்ந்துபோச்சு என்று சொல்லி ஒருமுறை கம்பெனிக்காரர்கள் லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைத்தார்கள். அது உள்ளூர்ப் பொடி. கப்பலில் வருகிற பொடி எவ்வளவு குறைக்கும்?

எங்கள் கொட்டகையில் நிற்பதும் சீமை மாடுதானே, நீ எப்படி வெளிநாட்டுச் சரக்கைக் குறை சொல்லலாம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மாடு வந்தால் நான் கறப்பேன். பாலே வந்துவிட்டால் நான் எதைக் கறப்பது, உங்களையா என்று கேட்டேன்.

எனக்கு விளையாட்டு, வசந்தாவுக்கு அப்படி இல்லை. அவள் வீட்டுக்காரன் சேகர், என் கொழுந்தன், குவைத்தில் ஆறு வருஷமாக வேன் ஓட்டுகிறான். மகள் நடக்க ஆரம்பித்ததைப் போனில் பார்த்தவன். இப்போது ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா, ஊருக்கு வந்து மேலே நாலு மாடு வாங்கிக்கொண்டு பெண்டாட்டி பிள்ளையோடு இருப்பதா என்று வியாழக்கிழமைக்குள் முதலாளியிடம் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை அங்கே லீவு. "பால் வெல நிக்குமான்னு மட்டும் கேட்டு சொல்லுங்க அண்ணி, நான் பெட்டி கட்டிடறேன்" என்று என்னிடம் சொல்லியிருந்தான். சட்டத்தைப் பற்றி ஜனங்களிடம் கருத்துக் கேட்க டெல்லிக் கமிட்டி திருப்பதிக்கு வருவதும் அதே வியாழக்கிழமை. சாமியே தேதி குறித்த மாதிரி இருக்கிறதே என்று வசந்தா சொன்னாள்.

விடியற்காலை கறந்து சென்டரில் ஊற்றிவிட்டு ஐந்தரை பஸ் பிடித்தோம். எங்கள் ஊரிலிருந்து புத்தூர் வழியாகப் போனால் திருப்பதி கிட்டம். ஆனால் பேசுகிறவர்களுக்கு டோக்கன் சித்தூர் பஸ் ஸ்டாண்டில்தான் கொடுப்பார்கள் என்று சொல்லிவிட்டதால் சுற்றிக்கொண்டு போனோம். வசந்தாவுக்கு ஆறாம் நம்பர். முதல் பத்துக்குள் வந்துவிட்டது என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லி நாலு நாற்பது ரூபாய். சட்னி காரம் என்றால் காரம். டெல்லிக்காரர்களுக்கு ஒரு கிண்ணம் வாங்கிப் போகலாமா என்று கேட்டேன். அப்போதும் அவள் சிரிக்கவில்லை. ஒரு வாரமாகவே முகத்தில் சிரிப்பு இல்லை.

சித்தூரிலிருந்து திருப்பதி எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், எக்ஸ்பிரஸ் டிக்கெட் தொண்ணூறு. வழியெல்லாம் மாந்தோப்பு. சன்னலோரம் வேண்டுமென்றால் வலது பக்கம் உட்காராதீர்கள், காலை வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும், நாங்கள் அங்கே உட்கார்ந்து வறுபட்டோம். எங்கள் முன் சீட்டில் தலையில் துண்டு கட்டிய ஒருவர், கையில் எங்களுடையதைப் போலவே டோக்கன். ஐந்தாம் நம்பர். பெயர் முனிரத்தினம், சித்தூர்க்காரர், அறுபது இருக்கும்.

"நீங்களும் மாடு வச்சிக்கினு கீறீங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"மாடா? நானே மாடும்மா. மாங்கா மண்டில மூட்ட எறக்கறவன். திகுமதிக்கு புதுச் சட்டம் போடறாங்களாமே, கூலிய ஏத்துவாங்களா கொறைப்பாங்களான்னு கேக்கப் போய்க்கினு கீறேன்."

இறக்குமதிக்குத் தெலுங்கில் திகுமதி என்பார்கள். லாரியிலிருந்து மூட்டை இறக்குவதும் மண்டியில் திகுமதிதான். கமிட்டி ஒட்டிய நோட்டீஸில் அந்த வார்த்தையைப் பார்த்ததும் தன் சங்கதி என்று மனுஷன் கிளம்பி வந்துவிட்டார்.

"அண்ணா, அது லாரி எறக்கற திகுமதி இல்ல. வெளிநாட்டு சரக்கு நம்ம ஊருக்குள்ள வர்றது."

"வரட்டுமே! வந்தா யாராவது எறக்கித்தான ஆவணும்? தானா எறங்கி நடந்து வருமா?"

"இத்தன வருசம் எறக்கியும் புத்தி ஏறலயே உங்களுக்கு."

"ஏத்தறதுக்கு வேற ஆளு கீறாங்கம்மா. நான் எறக்கறவன் மட்டும்தான்."

வசந்தா பக்கென்று சிரித்துவிட்டாள். அதற்காகவே அவருக்கு சந்திரகிரியில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டம் நடந்த கல்யாண மண்டபத்துக்கு ஆட்டோ நூற்றைம்பது கேட்டான். மூன்று பேராகச் சேர்ந்து எண்பதுக்குப் பேசி முடித்தேன். ஓட்டியவன் தமிழ்க்காரன்தான். "டெல்லி சாருங்க வந்துகீறாங்களே, அந்த மண்டபமா? பன்னெண்டு மணிக்கு அவங்க மலைக்குப் போறதுக்கு எங்க மச்சான் வண்டிதான் சொல்லிகீறாங்க" என்று பெருமையாகச் சொன்னான். பன்னிரண்டு மணி என்பது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை.

மண்டபத்தில் ஏ.சி. நன்றாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். மேடையில் ஆறு பேர். பத்து மணிக்கு என்றார்கள், பத்தே முக்காலுக்கு வந்தார்கள். மாலை, பொன்னாடை, விளக்கு, பிறகு தலைவர் இங்கிலீஷில் இருபது நிமிஷம் பேசினார். பக்கத்தில் நின்ற ஆபீசர் அதைத் தெலுங்கில் இரண்டே வாக்கியத்தில் சொல்லி முடித்தார். நாடு தாராளமாகிவிட்டது, இது உங்கள் நல்லதுக்குத்தான், அவ்வளவுதான். மீதிப் பேச்சு எந்தத் துறைமுகத்தில் நின்றுபோனதோ, தெரியவில்லை.

முதல் நாலு டோக்கனும் கோட்டுப் போட்டவர்கள். ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று சட்டம், அவர்கள் ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசினார்கள், யாரும் மணி அடிக்கவில்லை. தலைவருக்குத் தெரிந்தவர்கள் போலிருக்கிறது, பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். வசந்தா கேள்வியை வாய்க்குள் தெலுங்கில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதாம்.

ஐந்தாவதாக முனிரத்தினம் அண்ணன் எழுந்தார். மைக்கைப் பிடித்து, மண்டியில் மூட்டைக்கு என்ன கூலி, முதுகு என்ன பாடு என்று தெலுங்கில் விளாசினார். மண்டபமே சிரித்தது. ஆபீசர் அவரை நிறுத்தி, ஐயா இது அந்தத் திகுமதி இல்லை, வெளிநாட்டுச் சரக்கு என்று விளக்கினார். மனுஷன் அசரவில்லை. சரி, அந்தச் சரக்கு வந்தால் அதை இறக்குவது யார் என்று கேட்டார். ஆபீசர் இங்கிலீஷில் சொல்ல, தலைவர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். துறைமுகத்தில் எல்லாம் மெஷின் இறக்கிவிடுமாம், யாருக்கும் கஷ்டம் இல்லையாம்.

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் மைக்கைப் பார்த்தார், அதைக் கீழே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் காதில் ஏதோ சொன்னார். தரிசனத்துக்கு நேரம் ஆகிறது, மற்றவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம், எல்லோருக்கும் நன்றி என்று ஆபீசர் சொல்லி முடிப்பதற்குள் ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். எத்தனையோ ஊர் இருக்க, இந்தக் கமிட்டி ஏன் திருப்பதியில் வந்து கருத்துக் கேட்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வசந்தா விடவில்லை. நான் பார்க்கும்போது வாசலில் காருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். "சார், நாதி ஒக்கே ஒக்க ப்ரஸ்ன. பாலபொடி பன்னு லேகுண்டா வஸ்துந்தா, ராதா?" வரி இல்லாமல் வருமா, வராதா. அவ்வளவுதான் கேட்டாள், ஒரு எழுத்துத் தப்பு இல்லை.

தலைவர் கெட்ட மனுஷன் மாதிரி தெரியவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கைகூப்பினார். எல்லாம் பெருமாள் கையில் இருக்கிறது, நான் அங்கேதான் போகிறேன், உங்களுக்காகவும் வேண்டிக்கொள்கிறேன் என்றார். ஆபீசர் அதைப் பக்தியோடு மொழிபெயர்த்தார்.

எனக்கு வந்ததே ஒரு கோபம். "சார், சாமிகிட்ட கேக்கறதுன்னா எங்களுக்கு நீங்க எதுக்கு? எங்க ஊருலேந்து ரெண்டு பஸ் மாறினா கோயில் வந்துடும். சட்டத்த சாமியா எழுதறாரு? எழுதறவர கேட்டா சாமிய காட்டறீங்க!" என்று கத்தினேன். தமிழில் கொஞ்சம், தெலுங்கில் கொஞ்சம். அதை மட்டும் ஆபீசர் மொழிபெயர்க்கவில்லை. கார் கண்ணாடி ஏறிவிட்டது.

முனிரத்தினம் அண்ணன் எங்கள் பின்னாலேயே நின்றிருந்தார். "எம்மா, இப்டின்னு தெரிஞ்சிருந்தா என் நம்பர ஒனக்கு குடுத்திருப்பேனே" என்றார்.

"விடுங்கண்ணா. ஒங்களுக்காவது பதில் கெடச்சுதே" என்றாள் வசந்தா.

"கெடச்சுது, கெடச்சுது. நான் வேணாம்னு." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். டீக்குக்கூட வரவில்லை.

நாங்கள் மலையடிவாரத்தில் இருக்கிற அலிபிரிக்குப் போனோம். கீழே நின்றாவது கற்பூரம் ஏற்றிவிட்டுப் போகலாம் என்று வசந்தா சொன்னாள். மண்டபத்திலிருந்து ஷேர் ஆட்டோ ஆளுக்கு இருபது. கற்பூரம் அணைவதற்குள் போன் அடித்தது. சேகர்.

"இன்னா சொன்னாங்க அண்ணி?"

"சாமிய கேக்கச் சொன்னாங்கடா."

சிரித்தான். எப்போதும் போல நான் கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டான். "வெளையாடாதீங்க அண்ணி. மொதலாளி வெளிய கெளம்ப ஒரு மணி நேரந்தான் கீது."

"வெளையாடலடா."

எதையாவது சொல்லி அவனைச் சிரிக்க வைப்பது எனக்குக் கைவந்த வேலை. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. வசந்தா போனை வாங்கிக்கொண்டாள்.

"கேட்டேன். சொல்லல... இல்ல, வருதுன்னும் சொல்லல, வராதுன்னும் சொல்லல... நீ வந்து, மாட்ட வாங்கி, அப்புறம் பவுடர் வந்துட்டா? நாலு மாட்டையும் கட்டிக்கினு இன்னா பண்ணுவோம்?" கொஞ்ச நேரம் அவன் பேசியதைக் கேட்டாள். "இல்ல. போட்டுடு" என்றாள். "பாப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

போனை வைத்துவிட்டு, அக்கா பசிக்குது, ஏதாவது துன்னலாம் வா என்றாள். எதிரே ஒரு மெஸ்ஸில் சாப்பாடு நூற்றிருபது, சாம்பார் பரவாயில்லை. இரண்டு பேரும் தட்டைக் காலி பண்ணிவிட்டோம். இந்த முறை புத்தூர் வழியாகத் திரும்பினோம், ஒன்றே முக்கால் மணி நேரம். சாயந்தரக் கறவைக்கு வந்துவிட்டோம்.

உங்கள் ஊர்ப் பக்கமும் இந்த மாதிரிக் கமிட்டி வரும். போகிறவர்கள் நான் பட்டதைப் பார்த்துப் போங்கள். டோக்கன் கொடுக்கிற இடத்துக்கு விடிவதற்கு முன்னாலேயே போய், முதல் நாலு டோக்கனுக்கு அடித்துப் பிடியுங்கள், ஆறாம் நம்பர் என்பது நம்பரே இல்லை. அன்றைக்கு மேடைக்காரர்களுக்கு வேறு எங்கே போக வேண்டியிருக்கிறது என்பதை ஆட்டோக்காரர்களிடம் முதலில் விசாரியுங்கள், அவர்களுக்குத் தெரியாதது இல்லை, சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள். தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள், மேடைக்கு மட்டும்தான் கொடுத்தார்கள். மொழிபெயர்க்கிற ஆபீசர் இரண்டு வாக்கியத்தில் முடித்தால் எழுந்து மீதி எங்கே என்று கேளுங்கள், நான் கேட்காமல் விட்டேன். எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றால் போகாதீர்கள். காருக்கு முன்னால் நில்லுங்கள், பக்கத்தில் நின்றால் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்கள்.

அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. பேசிக்கொண்டிருக்கிறார்களாம், அவசரம் ஒன்றும் இல்லையாம், யாரும் இன்னும் கையெழுத்துப் போடவில்லையாம். டெல்லியில் போடவில்லை, சரி. அதற்கான முதல் கையெழுத்து அன்றைக்கே குவைத்தில் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கையெழுத்து. இரண்டு வருஷத்துக்கு.