எனக்கு முன்னால் அறுபடாத இணைப்பு

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் முடித்த என் தங்கச்சிக்கு இன்று காலை ஆன்லைனில் வேலை நேர்முகம். மடிக்கணினி என்னுடையது. அதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டதும் நான்தான்.

கொஞ்ச நாளாக அதில் இணைய இணைப்பைத் தரும் நெட்வொர்க் கார்ட் இடைக்கிடை நின்றுவிடுகிறது. "அண்ணா, திரும்ப நெட் போயிட்டு" என்று கூப்பிடுவாள். நான் போய், பெரிதாக எதையாவது டவுன்லோட் போட்டுப் பார்ப்பேன். ஒருமுறையும் அறுந்ததில்லை.

"எனக்கு ஒழுங்காத்தானே வேல செய்யுது. நீதான் என்னத்தையோ அமத்திட்டாய்" என்பேன்.

இன்று "காத்திருங்கள், அழைப்போம்" என்ற திரைக்கு முன்னால் சேலை உடுத்து அசையாமல் இருந்தாள். அம்மா கிரைண்டர் கூடப் போடவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

பிறகு அவளுடைய போன் அடித்தது. "மிஸ், உங்களக் கூப்பிட்டுப் பாத்தம். நீங்க லைன்ல இல்ல. அடுத்த ஆள எடுத்திட்டம்."

"நான் இங்கதானே இரிக்கன்" என்றாள். அதற்குள் வைத்துவிட்டார்கள்.

கணினியின் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். கொஞ்ச நேரம் வேலை இல்லாவிட்டால், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அந்தக் கார்ட் உறங்கிவிடுகிறது. சில வேளை எழும்புவதே இல்லை. நான் சோதித்தபோதெல்லாம் அதற்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். சும்மா காத்திருந்து பார்த்தவள் அவள் மட்டும்தான்.

அதை உறங்கவிடாமல் செய்ய ஒரு வரிக் கட்டளை போதும். போட்டுவிட்டு, "இப்ப சரி, இனி அறாது" என்றேன்.

"ஓம், உனக்கு முன்னால அது எப்பவும் அறாதுதானே" என்று சொல்லிவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

கார்டுக்கு வழி தெரிந்துவிட்டது. தங்கச்சியிடம் என்ன சொல்வதென்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.